போகிக்கு ஒதுக்கிய மூட்டை

அந்தப் பெரியவருக்கு 14ஆம் நம்பர் ஷூ வேண்டும் என்றார். கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்குச் செருப்பும் ஷூவுமாகக் குவிந்து கிடந்தது. குதிகால் உயர்ந்த செருப்புகள், நடந்தால் விளக்கெரியும் குழந்தை ஷூக்கள், ஜோடி தப்பிய ஒற்றைகள். மூன்று பேர் அரை மணி நேரம் தேடினோம். 13ஆம் நம்பரில் ஒன்று அகப்பட்டது. அதுவும் அடிப்பாகம் விட்டுப்போய் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. அவர் காலில் கிடந்தது குளியலறைக்குப் போகும்போது போடும் ரப்பர் செருப்பு. குதிகால் இரண்டு விரற்கடை வெளியே நின்றது. ஐந்து நாளாக அதோடுதான் நடக்கிறார். ஆனால் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டு, உள்ளே விட்டு, பெல்ட் கட்டியிருந்தார். "பரவாயில்லை, நீங்கள் தேடியதே போதும்" என்று எங்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து போனார்.

2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. காட்டுத்தீயில் வீடிழந்தவர்களுக்கு வந்து குவிந்த சாமான்களைப் பிரித்துக் கொடுக்கும் இடம். மறுநாள் போகி.

நாங்கள் இருப்பது லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே, ஆர்கேடியாவில். சான் கேப்ரியல் மலை எங்கள் தெருமுனையில் சுவர் மாதிரி நிற்கும். எட்டு மாதமாகச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு மழை இல்லை. 7ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் இருந்தே காற்று. பாலைவனத்தில் இருந்து கடலை நோக்கி அடிக்கும் இந்தக் காற்றுக்கு இங்கே சான்டா ஆனா என்று பெயர். ஈரப்பசையே இல்லாமல் உதட்டை வெடிக்க வைக்கும். பகலில் கடலோரம் பாலிசேட்ஸ் பக்கம் தீ. சாயங்காலம் ஆறே கால் மணி சுமாருக்கு எங்கள் பக்கம், ஈட்டன் கேன்யனில் இன்னொரு தீ. காற்றின் வேகத்தில் தண்ணீர் ஊற்றும் விமானமும் ஹெலிகாப்டரும் அன்றிரவு பறக்க முடியாமல் தரையிறங்கிவிட்டன. தீப்பொறி ஒரு கூரையில் இருந்து அடுத்த கூரைக்கு என்றில்லை, நாலைந்து தெரு தாண்டிப் போய் விழுந்தது.

எங்கள் வட்டாரத்துக்கும் எச்சரிக்கை வந்தது. பாஸ்போர்ட், கிரீன் கார்டு, தாலிக்கொடி, அம்மாவின் கூறைப்புடவை, மகளின் ஆஸ்துமா மருந்து. இவ்வளவையும் ஒரு சூட்கேஸில் வைத்து வாசற்கதவை ஒட்டி நிறுத்திவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். எங்கள் தெருவுக்குத் தீ வரவில்லை. பத்து நிமிட தூரத்தில் இருக்கும் ஆல்டடீனாவுக்கு வந்தது. அங்கே மேற்குப் பகுதிக்கு வெளியேறச் சொல்லி உத்தரவு போனபோது அதிகாலை மூன்று மணி தாண்டிவிட்டது. இந்தத் தீயில் உயிரிழந்த 19 பேரில் பெரும்பாலானவர்கள், ஊரைக் கிழக்கு மேற்காகப் பிரிக்கும் லேக் அவென்யூவுக்கு மேற்கே இருந்தவர்கள். வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள். ஈட்டன் தீயில் மட்டும் 9,400க்கும் அதிகமான கட்டடங்கள் போயின. முழுக்கக் கட்டுக்குள் வர ஜனவரி 31 ஆனது.

ஆல்டடீனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதற்கென்று தனி நகராட்சி கிடையாது. நம்மூர் மாவட்டம் போன்ற கவுன்டி நிர்வாகத்தின் கீழ் இருக்கும், நாற்பதாயிரம் பேர் வசிக்கும் ஊர். மற்ற ஊர்களில் கறுப்பின மக்களுக்கு வீடு விற்க மாட்டோம் என்றும் கடன் தர மாட்டோம் என்றும் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அதன் பிறகு, அறுபது எழுபதுகளில், ஆசிரியர்களும் தபால்காரர்களும் நர்சுகளுமாகச் சேர்ந்து சேர்ந்து வாங்கிய வீடுகள் அங்கே நிறைய. தாத்தா வாங்கிய வீட்டில் பேத்தி இருப்பாள். நம்மூர்ப் பூர்வீக வீடு போலத்தான். அந்த வீடுகளில் இருந்து ஜனங்கள் கட்டிய துணியோடு வந்தார்கள். எத்தனையோ தடவை சொல்லியும் எழுதியும் இருக்கிறேன், 'கட்டிய துணியோடு' என்று. பாசடீனா மாநாட்டு அரங்கில் திறந்திருந்த முகாமில், இரவு உடைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு கையில் நாய்க் கயிற்றோடு நின்ற ஒரு பெண்ணைப் பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் எனக்கு விளங்கியது.

வெள்ளிக்கிழமை எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்தது. எங்கெல்லாம் துணி, போர்வை, சாமான்கள் வாங்குகிறார்கள் என்று. அன்று நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் கராஜில் இரண்டு மூட்டை தயாராகவே இருந்தது. டிசம்பர் விடுமுறையில் அலமாரிகளை ஒழித்துக் கட்டி வைத்தது. இங்கே போகிக்கு எதையும் கொளுத்த முடியாது. ஆனாலும் பொங்கலுக்கு முன் வேண்டாததைக் கழித்துவிடும் பழக்கத்தை நான் விடவில்லை. சோனா மசூரி அரிசி வரும் 20 பவுண்டு பைகளில் அடைத்து, வாயைச் சணலால் கட்டியிருந்தேன். அந்த இரண்டையும் காரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது மனம் லேசாக இருந்தது. அந்த லேசுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

அந்த வார இறுதியில் எங்கள் ஊர் சான்டா அனிட்டா குதிரைப் பந்தய மைதானத்தின் பார்க்கிங் முழுக்க மனிதர்கள். யாரும் அழைக்காமல் வந்தவர்கள், டிரக் டிரக்காகச் சாமான்கள், வரிசையாகக் கார்கள். அந்தக் காட்சியில் பெரிய நல்லெண்ணம் இருந்தது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அதே மைதானத்தில் 1942இல் 18,000க்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை அரசாங்கம் அடைத்து வைத்திருந்தது. பல குடும்பங்களைக் குதிரை லாயத்திலேயே தங்க வைத்தார்கள். கையால் தூக்க முடிந்ததை மட்டும் கொண்டுவரலாம் என்பது உத்தரவு. எண்பது சொச்சம் வருஷம் கழித்து, கையால் தூக்க முடிந்ததை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களுக்காக அங்கேயே சாமான் குவிந்தது. நான் வேலை செய்தது அங்கே இல்லை, வேறொரு இடத்தில். அதன் பெயர் வேண்டாம். அந்த வாரம் எல்லா இடமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குப் போனேன். அங்கே பொறுப்பெடுத்திருந்த அம்மையார் ஓய்வுபெற்ற நர்ஸ். பையைப் பிரித்ததும் முதலில் முகர்ந்து பார்க்கச் சொன்னார். பிறகு அக்குள், காலர், ஜிப், தொடை இடுக்கு. அதன் பிறகு அளவுச் சீட்டு. சீட்டில்லாத துணியை அளந்து பார்க்க நேரம் கிடையாது, அது தனிக் குவியலுக்குப் போகும். ஒரு மூட்டைக்கு நாலு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் எங்கள் இருபது பேருக்கு வந்து குவிந்ததைப் பிரித்து முடிக்க வழியே இல்லை. மணப்பெண் கவுன் வந்தது. நீச்சல் உடை வந்தது. பாதி தீர்ந்த ஷாம்பூ உடைந்து ஒரு பெட்டி ஸ்வெட்டரையும் நனைத்திருந்தது. துவைக்காத உள்ளாடைகள் வந்தன. கையுறை போட்டிருந்தும் கையை உதறினேன். நல்லதும் வந்தது. கடைச் சீட்டோடு புதுக் காலுறைகள், இஸ்திரி போட்டு மடித்த சட்டைகள், ஒரு பாட்டி பின்னிய குழந்தைத் தொப்பிகள். ஆனால் அவை மூட்டைகளுக்கு அடியில் எங்கேயோ புதைந்து கிடந்தன. வருகிறவர் கேட்கும்போது கையில் அகப்படுவதில்லை.

பதினோரு மணி இருக்கும். என் முறைக்கு அரிசிப் பை ஒன்று வந்தது. சணல் முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

கணவரின் ஆபீஸ் சட்டைகள் நான்கு. ஒன்றில் பாக்கெட்டுக்குக் கீழே பேனா மை. ஒன்றில் இரண்டு பொத்தான் இல்லை. மகளின் ஸ்வெட்டர், முழங்கையில் உருண்டை உருண்டையாக நூல் திரண்டது. துப்பட்டா தொலைந்த சுடிதார். சாயம்போன நைட்டி இரண்டு. அந்தப் பையில் ஒன்றுகூட, ஒன்றேயொன்றுகூட, நான் ஒரு மனுஷர் கையில் நேராகக் கொடுத்து "போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லக்கூடியதாக இல்லை. பக்கத்தில் இருந்த நர்ஸ் அம்மா எட்டிப் பார்த்து, கழிவுக் குவியலைக் கை காட்டிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வீடு எரிந்தவருக்கு நான் அனுப்பியது போகிக்குக் கழித்த துணி.

திருவாரூரில் எங்கள் வீட்டுக்குப் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வருவார். திண்ணையில் எவர்சில்வர் தட்டு, தூக்கு, டப்பா எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு அம்மா கொண்டுவரும் துணியை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பேன்ட்டைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று தடவுவார். "இது போகாதும்மா, இதுக்கு ஒரு கரண்டிகூட வராது" என்று தள்ளிவிடுவார். அம்மாவுக்குக் கோபம் வரும். ஆனால் பாத்திரக்காரருக்குத் தெரியும், அந்தத் துணியை அவர் வேறு ஒருவருக்கு விற்றாக வேண்டும், வாங்குகிறவரும் திருப்பிப் போட்டுப் பார்ப்பார் என்று. அந்தப் பாத்திரக்காரர் தள்ளிவிடும் துணிகளைத்தான் அன்று மூட்டை மூட்டையாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள். கட்டுகிறவருக்குச் சொன்னது அது. கொடுக்கிறவருக்கும் பொருந்தும் என்று இந்த வயதில் படித்துக்கொண்டேன்.

உண்மையில் இதை நான் இருபது வருஷத்துக்கு முன்பே படித்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஜனவரியில், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் எங்களை நாகப்பட்டினத்துக்கு அழைத்துப் போனார்கள். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அக்கரைப்பேட்டைக்குப் போகும் வழியில் சாலையின் இரண்டு பக்கமும் துணி. லாரிகள் வந்து தள்ளிவிட்டுப் போனவை. சேற்றில் மிதிபட்டு, ஆடுகள் மேலே ஏறி நின்றன. அந்த மீனவர் குடும்பங்கள் உழைத்து நன்றாக வாழ்ந்தவர்கள். விசேஷத்துக்குப் பட்டு எடுத்தவர்கள். நான் ஒரு புடவையை எடுத்து உதறி ஒரு அக்காவிடம் நீட்டினேன். முந்தானையில் கிழிசல். அவர் வாங்கவில்லை. கோபமும் படவில்லை. "இத உங்க அம்மா கட்டுவாங்களா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். புடவையை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். கூஞ்ச் என்ற அமைப்பு அப்படிக் கிடந்த குவியல்களைப் பிரித்துச் சுத்தம் செய்து, பருத்தித் துணிகளைப் பெண்களுக்கான மாதவிடாய்த் துணிகளாக மாற்றியது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

பேரிடர்களில் வேலை செய்பவர்கள் கேட்காமல் வந்து குவியும் சாமான்களை 'இரண்டாவது பேரிடர்' என்றே சொல்வார்கள். கடுமையான சொல்தான். 2009 பிப்ரவரி 7இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 பேரைக் கொன்ற காட்டுத்தீக்குப் பிறகு வந்த நன்கொடைச் சாமான்கள் 40,000 பேலட்டுக்கு மேல். பேலட் என்பது ஃபோர்க்லிப்ட் தூக்கும் மரப்பலகை. ஒன்றின் மேல் ஆள் உயரத்துக்கு அடுக்கலாம். அவற்றை வைக்க 50,000 சதுர மீட்டர் இடம் தேவைப்பட்டது. சேமித்து வைக்கவும் கையாளவும் 80 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவு. அந்தப் பணத்தில் எத்தனை குடும்பத்துக்குப் புதுத்துணியே எடுத்திருக்கலாம் என்று கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

அப்படியானால் கொடுக்கவே வேண்டாமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். கொடுக்க வேண்டும், கட்டாயம். கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். அன்று எங்கள் மேசைக்கு வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை சில: பிரிக்காத பாக்கெட்டில் உள்ளாடை, காலுறை. பெரிய உடம்புக்காரர்களுக்கான அளவுகள். போன் சார்ஜர். மூக்குக்கண்ணாடி போனவர்கள் கண்ணாடிக் கடைக்குப் போய்வர யாராவது கார் ஓட்டுவார்களா என்றார்கள். பிறகு பணம். மத்திய அவசரகால நிறுவனமான ஃபீமா அவசரத் தேவைகளுக்கென்று ஒரு குடும்பத்துக்கு 770 டாலர் கொடுத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் விலைவாசியில் ஒரு வாரம் தாங்காது. ஐம்பது டாலர் கிஃப்ட் கார்டு ஒன்று கையில் இருந்தால் ஒரு பெண் கடைக்குள் போய், தன் அளவில், தனக்குப் பிடித்த நிறத்தில் ஒன்றை எடுத்து, கண்ணாடி முன்னால் வைத்துப் பார்க்கலாம். எல்லாம் போனவருக்கு, 'எனக்கு இது வேண்டாம், அது வேண்டும்' என்று சொல்லும் இடம் வேண்டும்.

இதை எனக்கு முன்பே புரிந்துகொண்டவள் ஒரு 14 வயதுப் பெண். அவள் பள்ளிக்கூடம் எரிந்துபோனது. தோழிகளின் வீடுகள் எரிந்துபோயின. ஆல்டடீனா கேர்ள்ஸ் என்று பெயர் வைத்து, பதின்வயதுப் பெண்களுக்கென்றே துணி, முடிக்குப் போடும் சாமான், அழகுப் பொருள் என்று கேட்டு வாங்கி, வருகிற பெண்கள் கடையில் எடுப்பது போலத் தாங்களே தேர்ந்தெடுக்கும்படி வைத்தாள். இந்த நேரத்தில் லிப்ஸ்டிக் எதற்கு என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு மகள் இருந்திருக்க மாட்டாள்.

எனக்கு இருக்கிறாள். அவள் வகுப்புத் தோழியின் வீடும் போயிருந்தது. தன்னுடைய புது ஹூடியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "கேட்டுப் பாருடி முதல்ல" என்றேன். செய்தி அனுப்பினாள். பதில் வர நேரமானது. ஹூடி ஏற்கனவே ஏழு இருக்கிறதாம். வேண்டியது ஒரு பை. கிடைத்ததையெல்லாம் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டு உறவினர் வீட்டுக்கும் மோட்டலுக்குமாக அலைகிறார்களாம். ஒவ்வொரு தடவையும் குப்பையைத் தூக்கிக்கொண்டு போவது போல இருக்கிறது என்று எழுதியிருந்தாள். என் மகள் அதை வாசித்துக் காட்டிவிட்டு, எங்கள் வீட்டில் வாசல் அருகே அப்படியே நின்ற சூட்கேஸைப் பார்த்தாள். பாஸ்போர்ட்டையும் புடவையையும் வெளியே எடுத்துவைத்தோம். அன்று சாயங்காலமே சூட்கேஸ் கை மாறியது.

போகி, பொங்கல் எல்லாம் அந்த வருஷம் சத்தமில்லாமல் போயின. 14ஆம் தேதி காலையில் பால் பொங்கியது. பொங்கலோ பொங்கல் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கதவைத் திறந்தால் இன்னும் புகை நாற்றம்.

அந்த வாரத்துக்குள்ளேயே சாமான் வாங்கும் இடங்கள் பல, துணி போதும் என்று சொல்லிவிட்டன. எங்கள் இடத்தில் திறந்தவெளியில் மிஞ்சிய மூட்டைகள் மேல் சாம்பல் படிந்திருந்தது. எரிந்தது மரம் மட்டும் இல்லையே. பழைய வீட்டுச் சுவர்ப் பெயின்டும் ஓட்டுக் கூரையும் பேட்டரியும் சேர்ந்த சாம்பல், ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும் கலந்தது. அப்படிப் படிந்ததை ஒரு குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது? கடைசியில் எடை போட்டுத் துணி வாங்கும் வியாபாரி வந்து ஏற்றிக்கொண்டு போனார். இப்படி எடைக்குப் போகும் மேற்கத்தியத் துணிகளில் ஒரு பகுதி குஜராத்தின் காண்ட்லாவில் இறங்கும். கம்பளி ஸ்வெட்டர்கள் பானிபட்டுக்குப் போகும். அங்கே நிறம் நிறமாகப் பிரித்து, பொத்தானும் ஜிப்பும் வெட்டி எறிந்து, நாராகக் கிழித்து, மறுபடி நூலாக நூற்றுப் போர்வை நெய்கிறார்கள். விலை குறைவு என்பதால் நிவாரண அமைப்புகள் அந்தப் போர்வைகளை மொத்தமாக வாங்குகின்றன. நூல் திரண்ட அந்த ஸ்வெட்டர் எங்கே போனதோ. ஒரு போர்வையில் இரண்டு இழையாக இருந்தால்கூடப் போதும்.

ஏப்ரலில் ஆல்டடீனாவுக்குப் போனேன். சான்டா ரோசா அவென்யூவின் இரண்டு பக்கமும் தேவதாரு மரங்கள் அப்படியே நிற்கின்றன. நம் இமயமலை மரம். நூறு வருஷத்துக்கும் மேலாகக் கிறிஸ்துமஸுக்கு விளக்குப் போட்டு வந்த மரங்கள். அக்கம்பக்கத் தெருக்களில் புகைக்கூண்டு மட்டும் நிற்கும் வீடுகள். ஒரு மனையில் அம்மாவும் மகனும் வெள்ளைப் பாதுகாப்பு உடையும் மாஸ்க்குமாகச் சாம்பலைச் சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தார்கள். என்ன வேண்டும் என்று கேட்டேன். தடித்த கையுறை இரண்டு ஜோடி, குடிக்கத் தண்ணீர் என்றார்கள். ஜனவரியில் மலை மாதிரி சாமான் குவித்த ஊரில், ஏப்ரலில் இரண்டு ஜோடி கையுறைக்கு ஆள் இல்லை. வாடகை வீடு கிடைத்துப் போகிறவர்களுக்கு அப்போதுதான் வாணலி வேண்டும், கத்தி வேண்டும், தலையணை வேண்டும், துடைப்பம் வேண்டும். அப்போதிலிருந்து நாங்கள் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு வீட்டுக்கு, அவர்கள் எழுதிக் கொடுக்கும் பட்டியலை வாங்கிக் கொடுத்துவருகிறோம். பட்டியலில் இல்லாததை வாங்குவதில்லை என்று ஒரே ஒரு விதி.

ஷூ கேட்ட பெரியவரைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலைத் தாண்டும்முன் ஓடிப்போய் போன் நம்பர் வாங்கினேன். 14, அகலம் கூடியது, கறுப்புத் தோல், கயிறு கட்டுவது. நாலும் கேட்டு எழுதிக்கொண்டேன். புதன்கிழமை வந்து சேர்ந்தது. அவர் தங்கியிருந்த மோட்டலுக்கு எடுத்துப்போனேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் என்று அன்றுதான் தெரிந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கயிற்றை முழுக்கத் தளர்த்தி, காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கிக் கட்டினார். எழுந்து நடைவழியின் கோடி வரை போய்த் திரும்பினார். ரப்பர் செருப்பை எடுத்துக் குப்பைத் தொட்டிக்குள் வைத்தார்.

"வேறு ஏதாவது வேண்டுமா?" என்றேன்.

யோசித்தார். சனிக்கிழமை ராத்திரி சர்ச்சுக்கு ஷூ பாலிஷ் போடுவது அவருக்குப் பழக்கமாம். அவருடைய அப்பா, எரிந்துபோன அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது. கறுப்பு பாலிஷ் டப்பா ஒன்று, ஒரு பிரஷ். துடைப்பதற்கு ஒரு பழைய பருத்தித் துணி இருந்தால் நல்லது, புதுத்துணி அதற்குச் சரிவராது என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரின் பழைய வேட்டி ஒன்றை எடுத்துத் துவைத்துக் காயவைத்தேன்.